கடைசி வரிசை வெக்கை

“மூணாவது முடிச்சு விழுந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. அப்புறம் பந்திக்குப் போகலாம்.”

“அத்தை, அக்கா மயங்கிக் கெடக்கு. மொதல்ல அதைப் பார்ப்போம்.”

“அவளைத்தான்டா நானும் பார்க்கச் சொல்றேன். வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? இப்ப நாலு பேர் முன்னால மணவறையிலேயே சரிஞ்சு விழுந்துட்டா. இதுக்கு மேல சாமி வந்து வாயைத் திறந்து சொல்லணுமா?”

கழுத்தில் மாலையோடு நின்ற மாப்பிள்ளை நிலவன் அக்கா பக்கம் திரும்பினான். எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தது அவனுடைய அப்பாவின் அக்கா பிரியதர்ஷினி அத்தை. பிரியதர்ஷினி, ஸ்வேதா என்றெல்லாம் பழங்காலத்துப் பெயர் வைத்திருக்கும் இந்தக் கிழவிகளுக்கு முட்டி போய்விட்டது, பல் போய்விட்டது, குரல் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் கல்யாணத்தை எடுத்து நடத்துகிறவர் என்ற உரிமை வேறு. அத்தைக்குப் பின்னால், வழக்கம்போல, அவர் கணவர் விக்னேஷ் மாமா துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். மாமாவுக்கு எப்போதும் வியர்த்துக் கொட்டும். அத்தைமேல் உள்ள பயம் என்றுதான் அருப்புக்கோட்டை முழுக்கப் பேச்சு.

மணவறை ஓரத்தில் கிடத்தப்பட்டிருந்த ஆதிரைக்கு மயக்கம் தெளிந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. கண்ணைத் திறக்கத்தான் மனமில்லை. கண்ணை மூடிக் கிடந்தால் நம்மைப் பற்றி நாலு பேர் நினைப்பது கலப்படம் இல்லாமல் காதில் விழும். விழுந்தது.

“புருஷன்கூட வாழ்றவ கையாலதான் முடிச்சு போடணும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“தம்பி ஆசைப்பட்டானாம்.”

“தம்பி எங்க ஆசைப்பட்டான்? பொண்ணுதான் ஒத்தக்கால்ல நின்னுச்சாம், மதினிதான் போடணும்னு.”

விஷயம் இதுதான். மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போடுவான். மற்ற இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் நாத்தனார் போட வேண்டும். நிலவனுக்கு உடன்பிறந்தவள் ஆதிரை ஒருத்திதான். ஆனால் அவள் புருஷனை விட்டு வந்தவள். அவன் குடித்தான் என்று சிலரும், இவளுக்கு வாய் அதிகம் என்று பலரும் காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மையாக இருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அத்தைக்கோ, தன் மகள் மகிழினி முறைக்கு மதினி என்றாலும் மாப்பிள்ளையோடு அக்காவாகத்தானே வளர்ந்தாள், புருஷன் பிள்ளைகளோடு நிறைவாக இருக்கிறாளே, அவள் போட்டால் என்ன என்று நெடுநாளாக ஒரு கணக்கு. கடைசியில் மகிழினியின் கையில் காமாட்சி விளக்கைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். ஆதிரை இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதற்கு மஞ்சள் கயிற்றைச் சுற்றினாள். கெட்டிமேளம் உச்சத்தில் இருந்தது, அட்சதை பறந்தது. நாத்தனாரும் பறந்தாள்.

அந்த நொடி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குனிந்து முகத்தைப் பெண்ணின் பிடரிக்கு அருகில் கொண்டுபோனபோது, கொதிக்கிற இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்ததுபோல் ஒரு வெக்கை முகத்தில் அடித்தது. இரண்டாவது முடிச்சுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவதற்குக் காது அடைத்தது. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. முடிச்சு போடும்வரை நாத்தனார் விரதம். வைகாசி மாதம், வெளியே தார் ரோடு செருப்பை இழுக்கிற வெயில். மண்டபத்தில் ஏசி கிடையாது. இப்போது எந்த மண்டபத்தில் இருக்கிறது? அவரவர் ஏசியை அவரவர் உடம்பில் மாட்டிக்கொண்டு வரும்போது மண்டபக்காரர் எதற்குக் கரண்டுக்கு அழ வேண்டும்? ஆம்பளைகளுக்கு ஏசி சட்டை, பொம்பளைகளுக்கு ஏசி ஜாக்கெட். துணிக்குள் நரம்பு நரம்பாக ஓடும் குழாய், இடுப்பில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. உடம்புச் சூட்டை அது உறிஞ்சிவிடும் என்று விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே சொல்லும்.

ஆதிரையிடம் அது இல்லை. அவள் கல்யாணத்தில் சீராகக் கொடுத்ததை, வீட்டை விட்டு வந்த அன்று மாமியார் கழற்றி வைத்துக்கொண்டார். தம்பி புதிதாக வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டான். எனக்கென்ன வெயில் புதிதா என்று சொல்லிவிட்டாள். ரோஷம் என்பதும் ஒருவகைத் துணிதான். போட்டுக்கொண்டால் கழற்ற முடியாது, காற்றும் வராது.

“ஐயரே, நல்ல நேரம் முடியறதுக்குள்ள மகிழினி வந்து அந்த ஒரு முடிச்சைப் போட்டுடட்டும்,” என்றார் அத்தை. “அதோட முடிஞ்சுது. ஏத்தா மகிழினி, விளக்கை யார்கிட்டயாவது குடு.”

“மதினி எந்திரிக்கட்டும். அவங்கதான் போடணும்,” என்றாள் தன்விகா.

கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொண்டு பேசினால் பணிவு, நிமிர்ந்து பேசினால் திமிர். தன்விகா நிமிர்ந்து பேசினாள். முன்வரிசையில் ஒரு சலசலப்பு ஓடியது. அவளுடைய அம்மா ஸ்வேதா, “வாயை மூடுடி, ஊரே போனைத் தூக்கிப் பிடிச்சிருக்கு,” என்று பல்லுக்குள் சொன்னார்.

இதற்கு மேலும் கண்ணை மூடிக் கிடப்பது அநியாயம் என்று ஆதிரைக்குப் பட்டது. எழுந்து உட்கார்ந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அவளைத் தேடுவானே, அதே முகம்.

“மகிழினியே போடட்டும்,” என்றாள். “எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. கல்யாணம் நல்லபடியா முடியணும், அவ்வளவுதான்.”

“இப்பதான் புத்தி வந்துருக்கு,” என்றார் அத்தை.

வருத்தமில்லை என்றது பொய். இந்த முடிச்சும் கைவிட்டுப் போனால், இனி எந்தக் காதுகுத்துக்கும் எந்த வளைகாப்புக்கும் அவளை யாரும் முன்னால் கூப்பிடப் போவதில்லை. கல்யாணப் பெண்ணின் பின்னால் நின்றதும் விழுந்தவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு வரும்.

தன்விகா அவளிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள். அப்போதுதான் ஆதிரை அந்தப் பூவைப் பார்த்தாள். ஜடை நெடுக வைத்துத் தைத்திருந்த மல்லிகை கீழே வெள்ளை வெளேரென்று இருந்தது. பிடரிக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு மட்டும் பழுப்பேறி, வதங்கி, வாணலியில் போட்டு எடுத்ததுபோல் சுருண்டிருந்தது.

“தன்விகா, உன் பூ என்ன இப்படி வெந்து கெடக்கு?”

“பார்த்தீங்களா, பூவும் கருகிருச்சு,” என்றார் அத்தை, கிட்டத்தட்ட மகிழ்ச்சியோடு. “நான் சொன்னா கெட்டவ.”

தன்விகா கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள். விரல்களைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, டெய்லர்கிட்ட முதுகுல என்ன செய்யச் சொன்ன?”

“என்னத்தைச் செய்யச் சொன்னேன்? ஆரி வொர்க்தான். எல்லாரும் போடுறதுதானே. முதுகு முழுக்க மயில், சுத்திக் கல்லு. அந்த ஜன்னல் ஜன்னலா இருக்கிற வலை அசிங்கமா இருக்குன்னு அதுக்கு மேலயே தைக்கச் சொன்னேன். கழுத்துப்பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டுருக்கான்.”

“சூடு வெளிய போறதே அந்த வலை வழியாத்தான்மா. முதுகு முழுக்கப் பரவிப் போக வேண்டியது, மொத்தமும் இந்த ஒரு பொந்து வழியா வந்துருக்கு. நேரா மதினி முகத்துக்கு.”

“எந்தச் சூடு?” என்றார் அத்தை. “ஜாக்கெட்டுதான் சூட்டை உறிஞ்சிடுதே.”

“உறிஞ்சி எங்க வைக்கும் அத்தை? இந்தத் தீப்பெட்டிக்குள்ளயா? என் உடம்புல இருந்து எடுத்ததை வெளிய தள்ளிட்டாத்தான் எனக்குக் குளிரும். அதுக்குப் பெட்டி வேலை செய்யுதுல்ல, அந்தச் சூடும் சேர்ந்துக்கும். நான் ஜில்லுன்னு இருக்கேன்னா, எனக்குப் பின்னால நிக்கிறவங்க என்னோடதையும் சேர்த்து வாங்கிக்கிறாங்கன்னு அர்த்தம்.”

ஸ்வேதாவின் முகம் வெளுத்தது. மகள் வேலை பார்ப்பதே ஏசி ஜாக்கெட் செய்யும் ஒரு சென்னைக் கம்பெனியில்தான். வீட்டிலிருந்தபடியே காதில் மாட்டிக்கொண்டு, புகார் சொல்லிப் போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. கல்யாணத்துக்குக் கம்பெனி தள்ளுபடியில் கொடுத்த ஜாக்கெட்தான் இது. “உனக்கு வேலை போயிரும்டி,” என்றார் மெதுவாக. மெதுவாகச் சொன்னதும் எல்லாப் போனிலும் பதிவானது.

தன்விகா அம்மாவிடமிருந்து முகத்தைத் திருப்பினாள். அடுத்து வந்தது கல்யாணப் பெண்ணின் குரலாக இல்லை. வழவழவென்று, ஏற்ற இறக்கம் எண்ணெய் போட்டது மாதிரி, போனில் வருகிற குரல். “வெளியேறும் வெப்பம் காற்றில் கலந்துவிடும். அருகில் இருப்பவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்றாள்.

அட்சதைத் தட்டோடு நின்ற ஐயர்கூட, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார்.

“இதைத்தான் நான் நாள் முழுக்கச் சொல்றேன்,” என்றாள் தன்விகா தன் குரலில். “போன மாசம் ஒரு அம்மா கூப்பிட்டாங்க. வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். டியூட்டிக்கு யூனிபார்ம்தான் போடணும், ஏசி சட்டை கூடாது. நெரிசல்ல முன்னால அம்பது முதுகு. பஸ்ஸுலயே விழுந்துட்டார், கை கால் இன்னும் வரலை, உங்க சட்டையாலதானேன்னு கேட்டாங்க. நான் இதையேதான் சொன்னேன். அந்த அம்மா அழுதுக்கிட்டே, வேற உதவி ஒண்ணும் வேண்டாம்மா, நல்லாயிருன்னு சொல்லிட்டு வச்சாங்க.”

நிலவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். நிச்சயம் ஆனதிலிருந்து தினமும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். அதில் இந்தப் பேச்சு வந்ததே இல்லை.

“அப்ப நான் போட்டிருக்கிறது?” என்றார் அத்தை. குரலில் முதல் தடவையாகச் சின்ன இறக்கம்.

தன்விகா அத்தையின் தோளுக்கு மேலாக விக்னேஷ் மாமாவைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். மாமா துண்டு நனைந்துபோய், அடுத்த துண்டுக்குப் பையில் கைவிட்டிருந்தார். கல்யாணத்துக்கு மூன்று துண்டு எடுத்துவரும் மனிதர்.

“ஏசி சட்டை போட்டா எனக்கு ஜலதோஷம் பிடிக்கும்னு நான் போடுறதில்லை,” என்றார் மாமா யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு, “ஏன் பிரியா, அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லையா?” என்றார்.

மண்டபம் சிரித்தது. அத்தைகூடச் சிரித்திருப்பார், வாய்வரை வந்துவிட்டது.

ஆதிரை சிரிக்கவில்லை. அவள் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலிகள் எல்லாம் மணவறையைப் பார்த்தபடி வரிசை வரிசையாக. ஒவ்வொரு முதுகும் அடுத்த வரிசையின் முகத்துக்கு நேராக. முன்வரிசையில் சம்பந்திகள், கடைக்காரர்கள், காரில் வந்தவர்கள். அவர்கள் முகத்தில் போட்ட பவுடர் போட்டபடி இருந்தது. போகப் போகத் தலைகள் அசைந்தன, விசிறிகள் எழுந்தன. கடைசி வரிசையில் வேன் டிரைவர்களும், பந்தி பரிமாற வந்த பெண்களும், பத்திரிகை வைக்க வேண்டுமே என்று வைக்கப்பட்ட சொந்தங்களும் கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மொத்த மண்டபத்தின் உடம்புச் சூடும் கைமாறிக் கைமாறிக் கடைசியில் அவர்களிடம் வந்து நின்றது. அதற்குப் பின்னால் சுவர்.

புருஷனை விட்டு வந்ததிலிருந்து ஆதிரை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்த வரிசையில்தான் உட்காருவாள். உட்கார்ந்த சிறிது நேரத்தில் முகம் எரியும், காது மடல் சிவக்கும், எழுந்து ஓடிவிடத் தோன்றும். முன்னால் இருப்பவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எரியும். அவமானம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொள்வாள். சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, நாம் செய்ததுதான் தப்போ என்று யோசித்த நாட்கள் உண்டு. ஒரு தடவை பெட்டியைக்கூடக் கட்டினாள், திரும்பிப் போய்விடலாம் என்று. அந்த எரிச்சலில் எவ்வளவு தன்னுடையது, எவ்வளவு முன்வரிசைக்காரர்களுடையது என்று இப்போது பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் முழுதும் தன்னுடையது இல்லை.

எழுந்து நின்றாள். கால் உறுதியாகத்தான் இருந்தது.

“அத்தை, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். நான்தான் அவனுக்கு அக்கா. முடிச்சை நானே போடுறேன்.”

“அதை எல்லாரும் பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கோம்,” என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். டிரைவர்களுக்குக் கல்யாணத்தில் வாக்குரிமை கிடையாது என்பதை அந்த ஆள் மறந்துவிட்டார்.

தன்விகா இடுப்பில் கைவைத்துப் பெட்டியை அணைத்தாள். அணைத்த ஏசி ஜாக்கெட் கம்பளிக்குச் சமம். ஐயர் நேரத்தைச் சொல்லி அவசரப்படுத்தினார், மேளக்காரர்கள் வாத்தியத்தை எடுத்தார்கள், அதற்குள்ளாகவே பெண்ணின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி, பியூட்டி பார்லர்காரி மூன்று மணி நேரம் போட்ட மேக்கப்பில் பாதை வகுத்துக்கொண்டிருந்தது. “நீங்களும் ஒரு நிமிஷம் அணைங்களேன்,” என்று முன்வரிசையைப் பார்த்துக் கேட்டாள். அணைத்தவர்கள் சிலர். அணைப்பதுபோல் இடுப்பில் கையை மட்டும் வைத்தவர்கள் பலர். ஸ்வேதா உண்மையிலேயே அணைத்தார். அத்தை கையைக் கொண்டுபோனார், அணைத்தாரா என்பது அவருக்கும் மாமாவுக்கும்தான் தெரியும்.

ஆதிரை பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றாள். வதங்கிய பூவை விலக்கினாள். பிடரியில் வியர்வை முத்து முத்தாக நின்றது, மஞ்சள் கயிறு ஈரத்தில் வழுக்கியது. குனிந்து, முடிச்சைப் போடுவதற்கு முன்னால், குழந்தைக்குப் பாலை ஆற்றுவதுபோல் அந்தக் கழுத்தில் மெல்ல ஊதினாள். தன்விகாவின் தோள் ஒரு முறை குலுங்கியது. சிரித்தாளோ, அழுதாளோ, பின்னால் நின்றவளுக்குத் தெரியவில்லை.

முடிச்சு விழுந்தது. இந்தத் தடவை எல்லாரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். வீடியோ ஊர் ஊராகப் போனது. தன்விகாவுக்கு மறுவீட்டு விருந்து முடிவதற்குள் வேலை போனது. அவள் முதலில் செய்தது, அந்தக் கண்டக்டர் வீட்டைத் தேடிப் போனதுதான். என்ன பேசினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை, எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. கம்பெனி சும்மா இருக்குமா? அடுத்த வைகாசிக்குள் நாத்தனார் ஜாக்கெட் என்று புதிதாக ஒன்று கொண்டுவந்துவிட்டது. கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டோடு ஜோடியாகத்தான் விற்பனை. பெண் வீட்டார் நாத்தனாருக்கு அதை வைத்துக் கொடுப்பது இப்போது சீர் வரிசையில் சேர்ந்துவிட்டது. “உன் மக வாயைத் திறந்தாலும் திறந்தா, பொண்ணைப் பெத்தவங்களுக்கெல்லாம் ஒரு சீர் கூடிப்போச்சு,” என்று ஸ்வேதாவைக் கோயிலில் நிறுத்திக் கேட்டவர்கள் உண்டு. நாத்தனாருக்குப் பின்னால் விளக்கைப் பிடித்து நிற்பவளின் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. மகிழினி ஒரு கல்யாணத்தில் பிடித்தாள். அதிலிருந்து விளக்கு என்றாலே, எனக்குக் கை வலி என்கிறாள்.

நிலவனும் தன்விகாவும் மலைக்கு ஓடிவிட்டார்கள் என்று தெருவில் ஒரே பேச்சு. போனது மலையடிவாரத்துக்கு, பெரியகுளத்துக்கு. அவனுக்கு அங்கே மாற்றல், அவளுக்கு ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை.

ஆதிரை மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை சாத்தூர்க்காரர், போஸ்ட் ஆபீஸில் வேலை, அவருக்கும் இது இரண்டாவது. அதைக்கூட ஊர் மன்னித்துவிட்டது. மாதத்தைத்தான் மன்னிக்கவில்லை. மார்கழி. “மார்கழியில யாராவது தாலி கட்டுவாங்களா? சாமிக்கு உண்டான மாசம். நான் வரமாட்டேன்,” என்றார் பிரியதர்ஷினி அத்தை. ஐயரும் வரமாட்டேன் என்றார். அதனால் விடியற்காலையில், தெருவெல்லாம் கோலம் போட்டு முடிக்காத நேரத்தில், விக்னேஷ் மாமா தாலியை எடுத்துக் கொடுத்தார். பின்னால் நின்று மீதி முடிச்சுகளைப் போட்டது மாப்பிள்ளையின் தங்கை, சாதாரண நூல் ரவிக்கையில். மண்டபத்தில் ஒருவர் இடுப்பிலும் பெட்டி இல்லை. வருஷத்தில் அது தேவைப்படாத மாதம் அது ஒன்றுதான். அதில்தான் நாம் கல்யாணமே வைக்காமல் இருந்தோம்.

வரமாட்டேன் என்ற அத்தை வந்தார். வந்தது தெரியக் கூடாதென்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தாலி எடுத்துக் கொடுத்துவிட்டு மாமா வந்து பின்னால் நிற்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் துண்டு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “இங்க உட்கார்ந்தா என்னமா குளிருது,” என்றார், யாரோ ஏமாற்றிவிட்டதுபோல்.

ஆதிரை இப்போது சாத்தூரில் இருக்கிறாள். மகிழினி மட்டும் எங்கேயும் போகவில்லை, இதே தெருதான். அவள் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்தாகிவிட்டது. அத்தைதான் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். வைகாசிக்கு எத்தனை வேண்டுமானாலும் காலியாக இருக்கிறதாம். மார்கழிக்குத்தான் கிடைக்கவில்லை.